ஜி.பி.ஓ. முறை ட்ரைகிளிசரைடு கிட்: எதுவரை நம்பலாம்?

இரத்தக் கொழுப்பு வகைகளில் ஒன்றான ட்ரைகிளிசரைடை ஜி.பி.ஓ. (கிளிசரால் பாஸ்பேட் ஆக்சிடேஸ்) நொதி முறையில் அளக்க, ஒரே புட்டியில் திரவ ரீஏஜென்ட்டாக (வினைப்பொருளாக) வரும் கிட், அன்றாட லிப்பிட் பரிசோதனைக்குத் தாராளமாகப் போதும். பரம்பரைக் கொழுப்பு வளர்சிதைமாற்றக் கோளாறு ஆய்வுக்கு இதை மட்டும் நம்பி இறங்கக் கூடாது.

இது கொழுப்பை நேராக அளப்பதில்லை. லிப்பேஸ் நொதி ட்ரைகிளிசரைடை உடைத்துக் கிளிசராலைப் பிரிக்கும். அடுத்தடுத்த நொதிகள் அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கி, கடைசியில் இளஞ்சிவப்பு நிறம் வரும். சீரத்தில் (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரில்) ஏற்கெனவே தனியாகக் கிடந்த கிளிசராலும் இந்தக் கணக்கில் சேரும். கிளிசரால் கைனேஸ் குறைபாடு (கிளிசரால் இரத்தத்தில் தேங்கும் பரம்பரைக் கோளாறு) உள்ளவரின் சீரம் கண்ணாடிபோலத் தெளிந்திருக்கும். கருவியோ ட்ரைகிளிசரைடு மிக அதிகம் என்று காட்டும். லிப்பேஸ் சேர்க்காத கிளிசரால் பிளாங்க் (தனிக் கிளிசராலை மட்டும் காட்டும் ஒப்பீட்டுச் சோதனை) ஒன்றைப் போட்டுக் கழித்தால்தான் உண்மை தெரியும். ஒற்றைப் புட்டி கிட்டில் அதற்கு வழியில்லை. இதன் பெரிய குறை இதுதான்.

செய்முறை எளிது. 1 மி.லி. ரீஏஜென்ட், 10 மைக்ரோலிட்டர் சீரம், 37 டிகிரியில் 5 முதல் 10 நிமிடம், பிறகு 505 அல்லது 546 நானோமீட்டரில் ரீடிங். கை தவறுவது அந்த 10 மைக்ரோலிட்டரில்தான். பிப்பெட் டிப்பின் வெளிப்புறம் ஒட்டிய சீரம் 1 மைக்ரோலிட்டர் கூடினாலே 10 சதவீதப் பிழை. துடைத்துவிட்டு இறக்குங்கள். கிளிசரின் (அதாவது கிளிசரால்) கலந்த கிரீம் பூசிய கை டிப்பில் படவே கூடாது.

பால்போல வெளுத்த சீரம் வந்தால் கூடுதல் கவனம் வேண்டும். குளிரில் வைத்திருந்தால் கைலோமைக்ரான் (உணவுக் கொழுப்பைச் சுமக்கும் துகள்) ஆடையாக மேலே மிதக்கும். நன்றாகக் கலக்காமல் அடியிலிருந்து எடுத்தால் அளவு பாதியாகக்கூட விழும். பல கிட்களின் நேர்கோட்டு எல்லை (நிறம் அளவுக்கு ஏற்பச் சீராகக் கூடும் உச்சம்) 1000 மி.கி./டெ.லி. அதைத் தாண்டினால் ரீஏஜென்ட் தீர்ந்து பொய்யாகக் குறைத்துக் காட்டும். 1 பங்கு சீரத்துக்கு 4 பங்கு சலைன் சேர்த்து அளந்து, விடையை 5-ஆல் பெருக்குங்கள். கலங்கலே ஒளியைத் தடுப்பதால் சாம்பிள் பிளாங்க்கும் (நிறவினை இல்லாமல் சீரத்தின் கலங்கலை மட்டும் அளக்கும் ரீடிங்) தேவை.

பலர் கவனிக்காத இன்னொன்று: கூடவே வரும் 200 மி.கி./டெ.லி. ஸ்டாண்டர்ட் (அளவு தெரிந்த ஒப்பீட்டுக் கரைசல்) பெரும்பாலும் வெறும் கிளிசரால் கரைசல். லிப்பேஸ் வீரியம் இழந்திருந்தாலும் அது சரியாகவே காட்டும், நோயாளியின் சீரம் மட்டும் குறையும். எனவே சீரத்தில் தயாரித்த கன்ட்ரோல் (அளவு தெரிந்த சரிபார்ப்புச் சீரம்) ஒன்றை ஒவ்வொரு தொகுதியிலும் ஓட்டுங்கள். புட்டியிலேயே ரீஏஜென்ட் சிவந்து, ரீஏஜென்ட் பிளாங்க் (சீரம் சேர்க்காத) ரீடிங் கிட் தாளில் சொன்ன வரம்பைத் தாண்டினால் தயங்காமல் கொட்டிவிடுங்கள்.