சிறுநீரகத் தொகுப்பில் சிறுநீரைக் காணோம்: காரைக்குடி ஆய்வகம் ஒன்றில் எங்கள் அனுபவம்

அப்பச்சியைப் பரிசோதனைக்கு அழைத்துப்போன தனியார் ஆய்வகத்தின் பெயர் இங்கே வேண்டாம். ஏன் போனோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அப்பச்சிக்கு வயது 72. சர்க்கரை வந்து 18 வருடம். எங்கள் வீட்டில் கழிப்பறை பின்கட்டில் இருக்கிறது. இரவில் அவர் எழுந்தால் இரண்டாம் கட்டின் தேக்குக் கதவு முனகி எல்லோரையும் எழுப்பிவிடும். ஒரு முறை முனகிக்கொண்டிருந்த கதவு, தை பிறந்ததிலிருந்து மூன்று, நான்கு முறை முனகியது. "பனிக்காலம், அப்படித்தான்" என்றார். சிறுநீரில் நுரை அடங்காமல் நின்றதற்குப் பினாயில்மேல் பழிபோட்டோம். பினாயிலை நிறுத்தினோம், நுரை நிற்கவில்லை. கடைசியில் ஆத்தாதான் கவனித்தார்: செருப்பைக் கழற்றி வெகுநேரம் ஆகியும் வார் பதிந்த தடம் மறையவில்லை. கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினால் பணியாரக் குழிபோலப் பள்ளம் விழுந்தது. வலி மட்டும் இல்லை. அதனாலேயே இரண்டு மாதத்தை வீணாக்கிவிட்டோம்.

ஆய்வகத்தைக் காலை ஆறரைக்கே திறந்துவிடுகிறார்கள். 'சிறுநீரகத் தொகுப்பு' 650 ரூபாய். ரத்தம் எடுத்த பெண் கைதேர்ந்தவர். அப்பச்சியின் மெலிந்த நரம்பை ஒரே குத்தில் பிடித்தார். மாலை நான்கு மணிக்கு அறிக்கை கைபேசிக்கு வந்துவிட்டது.

குறை அந்த அறிக்கையில்தான். யூரியா, கிரியாட்டினின், யூரிக் அமிலம், சோடியம், பொட்டாசியம் எல்லாம் இருந்தன. சிறுநீரகம் வெளியேற்றவேண்டிய கழிவான கிரியாட்டினின் 1.3. பக்கத்தில் அச்சிட்டிருந்த இயல்பு வரம்பும் 1.3 வரை. "எல்லாம் நார்மல்தான் ஐயா" என்றார் முகப்பில் இருந்தவர். அப்பச்சி அன்று இரவே உப்புக்கண்டம் வறுக்கச் சொல்லிவிட்டார்.

மறுநாள் மருத்துவர் அந்த 1.3-ஐ வயதோடு சேர்த்துக் கணக்கிட்டார். சிறுநீரகம் வடிகட்டும் திறன், அதாவது இ.ஜி.எப்.ஆர்., 58 வந்தது. அதே 1.3 ஓர் 25 வயதுப் பையனுக்கு இருந்தால் 78 வரும். 60-க்குக் கீழேயே மூன்று மாதத்துக்குமேல் நீடித்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். இந்தக் கணக்குக்குக் கூடுதலாக ஒரு சொட்டு ரத்தம் தேவையில்லை. அப்பச்சியின் வயது அறிக்கையின் தலைப்பிலேயே இருந்தது. போட்டுக் கொடுத்தால் என்ன?

அதைவிடக் கோபம் வந்தது இன்னொன்றுக்கு. தொகுப்பில் சிறுநீர்ப் பரிசோதனையே இல்லை! சர்க்கரைக்காரர்களுக்குப் பெரும்பாலும் கிரியாட்டினின் ஏறுவதற்கு முன்பே சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசியத் தொடங்கிவிடும். கேட்டதற்கு, "அது தனி, 400 ரூபாய்" என்றார்கள். காலையில் முதலில் கழிக்கும் சிறுநீரைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குள் இருக்கவேண்டிய அல்புமின், 180 இருந்தது. பாவம், பினாயில்.

முதல்நாள் இரவு கறி சாப்பிட்டால் கிரியாட்டினின் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும் என்பதையும் யாரும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிக் குழம்பு சாப்பிட்டுவிட்டுத் திங்கட்கிழமை ரத்தம் கொடுக்கிற ஊர் இது. முன்பதிவு செய்யும்போதே சொல்ல வேண்டாமா? மூன்று மாதம் கழித்து, கறி இல்லாமல் போனோம். அப்போதும் அதே 1.3. ஆக, கறியைக் குற்றம் சொல்லவும் வழியில்லை. மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் அவராகவே வாங்கி விழுங்கிவந்த மாத்திரையை மருத்துவர் முதல் நாளே நிறுத்தியிருந்தார். ரத்த அழுத்த மாத்திரையையும் மாற்றியிருந்தார். மோர் மிளகாயும் உப்புக்கண்டமும் ஆத்தாவின் காவலில் இருக்கின்றன.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டாம் முறை நான் கேட்டதும் இ.ஜி.எப்.ஆரை முகம் சுளிக்காமல் அச்சிட்டுக் கொடுத்தார்கள். ஐந்துக்கு மூன்று தருகிறேன். பணம் கட்டும்போதே அல்புமின் பரிசோதனையையும் சேர்க்கச் சொல்லிவிடுங்கள். ஆய்வகம் மாடியில் இருக்கிறது, லிப்ட் இல்லை. மூட்டுவலிக்காரர்களை அழைத்துப்போனால் பிடித்து ஏற்ற ஓர் ஆள் வேண்டும்.