மாத வட்டியா, முதிர்வில் வட்டியா?

கிளிநொச்சியில் வேலை பார்க்கும் ஓர் ஆசிரியையின் ஆண்டு வருமானம் 17 இலட்சம் ரூபா என்று வைப்போம். 2025 ஏப்ரல் முதல் தனிநபர் விலக்கு 18 இலட்சம். ஆகவே சம்பளத்துக்கு வரி இல்லை. கையிலுள்ள 20 இலட்சத்தை 8 வீதத்தில் ஈராண்டு நிலையான வைப்பில் போடுகிறார்.

மாதாமாதம் வட்டி வாங்கினால் ஆண்டுக்கு 1,60,000. மொத்தம் 18,60,000. விலக்கைத் தாண்டிய 60,000க்கு முதற்படியான 6 வீதம், அதாவது 3,600. ஈராண்டுக்கு 7,200.

முதிர்வில் வாங்கினால் 3,20,000உம் ஒரே வரியாண்டில் வந்து விழும். தனிநபரின் வட்டி கைக்கு வந்த ஆண்டின் வருமானமாகவே கணக்கிடப்படுகிறது. முதலாண்டில் மிஞ்சிய விலக்கு வீணாகிறது. இரண்டாம் ஆண்டில் 2,20,000க்கு 13,200 வரி. முதிர்வு வைப்புக்கு வங்கி சற்றுக் கூடுதல் வட்டி தரும் என்பது உண்மைதான், ஆனால் இந்த 6,000 வித்தியாசத்தையும் கழித்தே பார்க்க வேண்டும். சம்பளம் 28 இலட்சத்தை நெருங்குபவருக்கு அடுத்த படி 18 வீதம். அவருக்கு அடி இன்னும் பலம்.

எந்த வழியிலும் வங்கி வட்டியில் 10 வீதத்தை வரியாக முன்கூட்டியே பிடித்துவிடும். அது இறுதி வரியல்ல. வருமான வரி விவரத்திரட்டு சமர்ப்பித்து, கூடப் பிடித்ததைத் திருப்பிக் கேட்கலாம். பலர் அலைச்சலுக்குப் பயந்து விட்டுவிடுகிறார்கள், அநியாயம்! மொத்த வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாதவர் வங்கியில் சுயபிரகடனம் கொடுத்தால் பிடிப்பே இராது.

காலபோக நெற்செய்கைக்கு உரமும் உழவுகூலியும் தேடும் வீட்டுக்கு மாத வட்டிதான் என் தெரிவு.