வானொலிக் கோபுரத்துக்கு நில அனுமதி: ஓர் அலுவலகத்தின் சேவைக்கு ஐந்துக்கு மூன்றரை

பதினான்கு மாதம் கழித்து, போன வாரம் அனுமதிக் கடிதம் கைக்கு வந்தது. எங்கள் கிராமப்புற வானொலிக்கு 75 மீட்டர் உயரத்தில் ஒரு மத்திய அலை (மீடியம் வேவ்) கோபுரம் நிறுத்துவதற்காக நிலப் பயன்பாட்டு அனுமதி கேட்டிருந்தோம். விண்ணப்பம் எழுதியது, அலுவலகத்துக்கு அலைந்தது, கூட்டத்தில் பதில் சொன்னது எல்லாம் நான்தான். டிரான்ஸ்மிட்டர் அறையில் 27 வருடம் வேலை பார்த்தவன் என்பதால் நிலையத்தார் இந்தப் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார்கள். அலுவலகத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே வேலையாக நாளை வேறொருவர் இப்படி ஒரு அலுவலகத்தில் போய் நிற்பார், அவருக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

மதிப்பெண்ணை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐந்துக்கு மூன்றரை. விண்ணப்பப் படிவத்துக்கு ஒன்று. நேரில் வந்து நிலத்தைப் பார்த்த அதிகாரிக்கு ஐந்து. மற்றதெல்லாம் நடுவில்.

படிவத்தின் தலைப்பு ‘தொலைத்தொடர்புக் கோபுரம்’. உள்ளே இருப்பது முழுக்க செல்போன் டவருக்கான கேள்விகள். பக்கத்தில் உயரமான இடம் இருந்தும் அதை ஏன் தேர்ந்தெடுக்கவில்லை? வேறு இரண்டு நிறுவனங்களின் ஆன்டெனாவுக்கு இடம் ஒதுக்குவீர்களா? அடித்தளம் எத்தனை சதுர மீட்டர்? இவ்வளவுதான். செல்போன் டவருக்கும் பண்பலை டவருக்கும் இவை நியாயமான கேள்விகள். அங்கே கோபுரம் என்பது ஆன்டெனாவைத் தூக்கிப் பிடிக்கும் ஒரு கம்பம். எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அவ்வளவு தூரம் அலை போகும், அதனால் குன்று நல்ல இடம்.

மத்திய அலையில் கதையே வேறு. கோபுரம்தான் ஆன்டெனா. எஃகுக் கம்பம் முழுவதும் மின்னோட்டம் ஓடும். அடியில் மின்சாரம் கடத்தாத பீங்கான் இன்சுலேட்டர் ஒன்றின் மேல்தான் மொத்தக் கோபுரமும் உட்கார்ந்திருக்கும். அதைவிட முக்கியம், கண்ணுக்குத் தெரிகிற கோபுரம் ஆன்டெனாவின் பாதிதான். மறுபாதி மண்ணுக்குள் இருக்கிறது. கோபுரத்தின் அடியிலிருந்து எல்லாத் திசையிலும், சைக்கிள் சக்கரத்தின் கம்பிகளைப் போல, செம்புக் கம்பிகளைப் புதைக்க வேண்டும். 1937-இல் அமெரிக்க வானொலி நிறுவனமான ஆர்.சி.ஏ.-வின் பொறியாளர்கள் பிரௌன், லூயிஸ், எப்ஸ்டீன் மூவரும் வயலில் கம்பிகளைப் புதைத்து அளந்து பார்த்து வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு 120 கம்பி என்பது வழக்கமாகிவிட்டது. மூன்று டிகிரிக்கு ஒன்று. 1000 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு அலைநீளம் 300 மீட்டர், அதில் கால்பங்கு 75 மீட்டர். கோபுரமும் ஏறத்தாழ அந்த உயரம், ஒவ்வொரு கம்பியும் அந்த நீளம். கூட்டிப் பார்த்தால் 9 கிலோமீட்டர் செம்பு. அது பரவியிருக்கும் வட்டம் கிட்டத்தட்ட 4.4 ஏக்கர்.

படிவத்தில் ‘அடித்தளப் பரப்பு’ என்ற கட்டத்தில் நான் என்ன எழுதுவது? கான்கிரீட் மேடை ஒரு சின்ன அறை அளவுகூட வராது. அதை மட்டும் எழுதினால் பொய்யில்லை, ஆனால் பக்கத்து நிலத்துக்காரர்களை ஏமாற்றியதாக ஆகிவிடும். தனித்தாள் ஒன்றில் 4.4 ஏக்கருக்கும் வரைபடம் போட்டு இணைத்தேன். முதல் பரிசீலனைக் கடிதம் வந்தபோது அந்தத் தாளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. குன்றின் மேல் ஏன் வைக்கவில்லை என்று மட்டும் மறுபடியும் கேட்டிருந்தார்கள்.

மத்திய அலைக்குக் குன்று வேண்டாம், ஈர மண்தான் வேண்டும். அலை தரையைத் தழுவிக்கொண்டு போவது, அதனால் மண் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறதோ அவ்வளவு தூரம் போகும். கடல்நீரின் கடத்துதிறன் மீட்டருக்கு ஏறத்தாழ 5 சீமன்ஸ். காய்ந்த பாறை நிலத்தில் அது 0.001 அளவுக்குக்கூட இறங்கிவிடும். ஐயாயிரம் மடங்கு வித்தியாசம். குன்றின் உச்சியில் கொண்டுபோய் நிறுத்தினால் பாதிக் கிராமங்களுக்குச் சத்தமே போய்ச் சேராது. தாழ்வான, ஈரம் தங்குகிற, நல்ல விளைநிலம்தான் எங்களுக்கு ஏற்ற இடம். சிக்கலும் அங்கேதான். விவசாயம் செய்கிறவருக்கும் அந்த மண்தான் வேண்டும், பறவைகளும் அங்கேதான் இறங்குகின்றன. நிலப் பயன்பாட்டு அனுமதி என்று ஒன்று இருப்பதே இப்படிப்பட்ட இடத்துக்காகத்தான். அந்தப் பெயரில் இருக்கும் படிவம் நிலத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

இதை விளக்கி நான் எழுதிய பதில் ஐந்து மாதம் கிடப்பில் இருந்தது. எந்தப் பிரிவு பார்க்க வேண்டும் என்பதில் குழப்பம் என்று கவுன்டரில் சொன்னார்கள். அங்கே இருந்தவர்கள் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். கட்டணத்துக்கு உடனே ரசீது தந்தார்கள். அதில் ஒரு குறையும் இல்லை.

அப்புறம் கோப்பு ஓர் இளம் அதிகாரியின் கைக்குப் போனது. இரண்டாவது நாளே தொலைபேசியில் கூப்பிட்டார். “சார், உங்க வரைபடத்துல வட்டம் ஒண்ணு போட்டிருக்கீங்களே, அது என்ன?” என்று கேட்டார். பத்து மாதத்தில் அந்த வட்டத்தைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் அவர்தான். சொன்னேன். “நேர்ல பாக்கணும்” என்றார்.

மழை பெய்து இரண்டு நாள் ஆகியிருந்தது. செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு வயலுக்குள் இறங்கினார். கோபுரம் வரும் இடத்தில் குச்சி நட்டு, 75 மீட்டர் கயிற்றை நான் ஒரு முனையிலும் அவர் மறுமுனையிலும் பிடித்துக்கொண்டு சுற்றி வந்தோம். வட்டம் ஓரிடத்தில் வேலியைத் தாண்டிப் பக்கத்து நிலத்துக்குள் போனது. எட்டு மீட்டர். என் வரைபடத்திலும் அது இருந்தது, ஆனால் தாளில் பார்க்கும்போது ஒரு நூல் அளவுதான். நிலத்தில் நின்று பார்த்தால் அங்கே ஒரு வாய்க்கால் ஓடியது. வருடா வருடம் அதைத் தூர்வாருவார்கள், மண்வெட்டி செம்புக் கம்பியில்தான் விழும். “இந்தப் பக்கம் கம்பியைக் குட்டையா நிறுத்தினா ரேடியோ நின்னுடுமா சார்?” என்று கேட்டார். நிற்காது. சில கம்பிகள் குட்டையாக இருந்தால் திறன் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அன்றே அந்தப் பக்கத்துக் கம்பிகளை வேலிக்கு உள்ளே நிறுத்துவது என்று முடிவானது.

கம்பி எவ்வளவு ஆழத்தில் இருக்கும் என்பது அவருடைய அடுத்த கேள்வி. வழக்கமாக 15 முதல் 30 சென்டிமீட்டர் வரை. கலப்பை போகும் ஆழமும் அதுதான். ஆகவே அந்த வட்டத்துக்குள் ஆழ உழவு கிடையாது, ஆடு மாடு மேயலாம், புல் வளர்க்கலாம் என்று நிபந்தனை எழுதினார். கோபுரத்தின் அடியைச் சுற்றி மட்டும் ஆள் நுழைய முடியாத வேலி. ஒலிபரப்பு நடக்கும்போது கோபுரத்தைத் தொட்டால் கை வெந்துவிடும் என்று சொன்னதும், வேலியை உலோகக் கம்பியில் போடாமல் மரத்தில் போடலாமா என்று அவரே கேட்டார். மர வேலிதான் நல்லது. இருபத்தேழு வருடத்தில் உலோக வேலியைத் தொட்டுச் சூடு வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பிறருக்கு ஆன்டெனா இடம் தரும் நிபந்தனையை அவர் எடுத்துவிட்டார். இன்சுலேட்டர் மேல் நிற்கும் கோபுரத்தில் இன்னொருவர் கேபிள் ஏற்றினால், தனியாக அதற்கென்று கருவி வைத்துப் பிரிக்காவிட்டால், கோபுரம் அந்தக் கேபிள் வழியாகத் தரையோடு இணைந்துவிடும். இதைப் புரிந்துகொள்ள அவருக்குப் பத்து நிமிடம் போதுமானதாக இருந்தது. அதற்கு முன் வந்த கடிதங்களில் நான் மூன்று முறை விளக்கியிருந்தேன்.

கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு வருகிறேன். இங்கே அலுவலகத்தின்மேல் எனக்குக் கோபம் உண்டு. சுற்றுப்புறத்தாருக்கு அறிவிப்பு போனது ஆறு நாளைக்கு முன்னால். அதில் சர்வே எண்ணும் அட்சரேகையும் தீர்க்கரேகையும்தான் இருந்தன. யார் நிலத்துக்குப் பக்கத்தில், எவ்வளவு உயரம், எதற்காக என்று ஒரு வாக்கியம் இல்லை. வந்தவர்களில் பாதிப் பேர் செல்போன் டவர் வருகிறது என்று நினைத்து வந்தார்கள். கதிர்வீச்சு பற்றி ஒரு மணி நேரம் பேச்சு ஓடியது. அது உரிமம் தருகிற அமைப்பின் பொறுப்பு, இங்கே பேச முடியாது என்று மேடையில் இருந்தவர் முடிக்கப் பார்த்தார். அது சரியில்லை. பயந்து வந்தவரிடம் இது எங்கள் துறை இல்லை என்று சொன்னால் பயம் கூடத்தான் செய்யும். கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச அமைப்பான ஐ.சி.என்.ஐ.ஆர்.பி. 2020-இல் வெளியிட்ட வரம்புகளை வைத்து நான் போட்டிருந்த கணக்கு விண்ணப்பத்திலேயே இருந்தது. ஒரு கிலோவாட் நிலையத்துக்கு வேலியைத் தாண்டினால் மின்காந்தப் புலம் வரம்புக்கு வெகு கீழே வந்துவிடும். அந்தப் பக்கத்தை நகலெடுத்து எல்லோர் கையிலும் கொடுத்திருக்கலாம்.

அடுத்த நிலத்துக்கார அம்மா ஒருவர் எழுந்து, “விழுந்தா எங்க விழும் தம்பி?” என்று கேட்டார். அன்றைக்குக் கேட்கப்பட்ட கேள்விகளில் அதுதான் சரியான கேள்வி. சுற்றிலும் தரையோடு இழுத்துக் கட்டிய ஸ்டே கம்பிகள் பிடித்து நிறுத்தும் கோபுரம் பெரும்பாலும் மரம் சாய்வதுபோல முழு நீளத்துக்குச் சாயாது, இடையில் ஒடிந்து மடிந்து விழும். ஆனாலும் முழு உயரத்துக்கும் இடம் விட்டு வைப்பதுதான் முறை, வாய்க்கால் பக்கம் போகும் அந்த எட்டு மீட்டரைத் தவிர நாங்கள் அப்படித்தான் விட்டிருக்கிறோம் என்றேன். போலந்தில் 646 மீட்டர் உயரம் நின்ற வார்சா வானொலிக் கோபுரம், அந்தக் காலத்தில் உலகிலேயே உயரமானது, 1991 ஆகஸ்ட் 8 அன்று விழுந்தது. காற்றில் விழவில்லை. ஸ்டே கம்பிகளை மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தபோது விழுந்தது. அதையும் அந்த அம்மாவிடம் சொன்னேன். கட்டும்போது பார்ப்பதோடு விடக் கூடாது, பிறகும் வருடா வருடம் பார்க்க வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை. அந்தக் கேள்வியால்தான் அனுமதியில் ஒரு புதிய நிபந்தனை சேர்ந்தது: ஆண்டுக்கு ஒருமுறை ஸ்டே கம்பிகளின் இழுவிசையையும், மண்ணுக்குள் இருக்கும் நங்கூரக் கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்பதையும் சோதித்து அறிக்கை தர வேண்டும். ஈர மண்ணில் அந்தத் துருதான் எனக்கும் கவலை.

பறவைகளைப் பற்றிக் கேட்டவர் ஒரு பள்ளி ஆசிரியர். அமெரிக்காவிலும் கனடாவிலும் கோபுரங்களில் மோதி ஆண்டுக்கு 68 லட்சம் பறவைகள் இறப்பதாக 2012-இல் வந்த மதிப்பீட்டை அவர் கையோடு கொண்டுவந்திருந்தார். மேகமூட்டமான இரவில் வலசை போகும் பறவைகள் கோபுரத்தில் மின்னாமல் நின்று எரியும் சிவப்பு விளக்கைச் சுற்றிச் சுற்றி வந்து ஸ்டே கம்பிகளில் மோதிவிடுகின்றன. மிச்சிகனில் நடந்து 2009-இல் வெளியான ஆய்வில், நின்று எரியும் விளக்குகளை எடுத்துவிட்டு விட்டுவிட்டு மின்னும் விளக்குகளை மட்டும் வைத்தால் இறப்பை 50 முதல் 71 சதவீதம் வரை குறைக்கலாம் என்று தெரிந்தது. 2015-இல் அமெரிக்க விமானத் துறை தன் விளக்கு விதிகளையே அதற்கேற்ப மாற்றியது. எங்கள் வரைபடத்தில் கோபுரத்தின் நடுவில் நின்று எரியும் விளக்குகளைத்தான் போட்டிருந்தோம். பழைய வழக்கம், நான் யோசிக்காமல் போட்டது. ஆசிரியர் சொன்னதும் மாற்ற ஒப்புக்கொண்டேன், விமானத் துறையின் ஒப்புதலோடு மின்னும் விளக்குகள் என்று நிபந்தனையில் ஏறிவிட்டது. இப்படி ஒருவர் வந்து பேச இடம் கொடுத்ததற்காக அந்தக் கூட்டத்தின் மற்ற குறைகளில் பாதியை நான் மன்னித்துவிட்டேன்.

அனுமதியில் இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். பக்கத்து வீடுகளின் தொலைபேசியிலும் ஒலிபெருக்கியிலும் எங்கள் ஒலிபரப்பு தானாகக் கேட்க ஆரம்பித்தால் யார் சரிசெய்வது? அமெரிக்காவில் ஒலிபரப்பைக் கண்காணிக்கும் அமைப்பான எஃப்.சி.சி.யின் விதிப்படி, கோபுரத்தை ஒட்டிய பகுதியில் வானொலி, தொலைக்காட்சிப் பெட்டிகளில் குறுக்கீடு என்று முதல் ஓராண்டுக்குள் வரும் புகார்களைப் பண்பலை நிலையம் தன் செலவிலேயே தீர்க்க வேண்டும். இங்கே அப்படி ஒரு வரி எழுதச் சொல்லி நானே கேட்டேன். படிவத்தில் அதற்கு இடமில்லை என்றார்கள். நிலையத்தின் சார்பில் தனியாக ஒரு கடிதம் எழுதி, சுற்றியுள்ள பதினொரு வீடுகளுக்கும் கொடுத்துவிட்டோம்.

இதே வேலைக்குப் போகிறவர் முதல் நாளே, படிவத்தை நிரப்புவதற்கு முன்பே, அதிகாரியை நிலத்துக்கு அழைத்துப் போய்விடுங்கள். வட்டத்தைக் கயிறு பிடித்துக் காட்டுங்கள். எங்களுக்கு ஒரு பிற்பகலில் முடிந்த விஷயம் அதற்கு முன் பத்து மாதம் காகிதத்தில் முடியவில்லை. அலுவலகத்தார் யாராவது இதைப் படித்தால், மத்திய அலைக்குத் தனிப் படிவம் போடுங்கள். இரண்டு பக்கம் போதும். மண்ணுக்குள் என்ன வரும், எத்தனை ஏக்கருக்கு, எவ்வளவு ஆழத்தில், அதன் மேல் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று கேளுங்கள்.

கம்பி ஓடும் எல்லை உழுகிறவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று கடைசி நிபந்தனை சொல்கிறது. அறுவடை முடிந்ததும் செம்பு இறங்கும். வட்டத்தைச் சுற்றிப் பத்தடிக்கு ஒரு கல் நட்டுவிடுகிறோம் என்று அடுத்த நிலத்துக்கார அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். வெள்ளையடித்த கல்லாக இருக்கட்டும், சாயங்கால வெளிச்சத்திலும் தெரியும் என்றார். அப்படியே செய்கிறோம்.