நேச்சுரல் சீன்ஸ் டேட்டாசெட்: பதிவிறக்கும் முன் கவனிக்க வேண்டியவை

சிக்கலான காட்சியை மூளை எப்படிப் பிரித்தறிகிறது என்று ஆராய, இலவசமாகக் கிடைக்கும் மூளை ஸ்கேன் தரவுகளில் எங்கள் முதல் தேர்வு இதுதான். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் 7 டெஸ்லா எம்ஆர்ஐ ஸ்கேனரில் 8 பேர் படங்களைப் பார்த்தார்கள், ஆளுக்கு 30 முதல் 40 அமர்வுகள். ஒருவருக்கு அதிகபட்சம் 10,000 படங்கள், ஒவ்வொன்றும் 3 முறை. இந்த ஆழத்தில் ஒவ்வொரு மூளைக்கும் தனி மாடல் கட்டலாம், அருமையான வசதி.

படிவம் நிரப்பினால் அனுமதி கிடைக்கும். தொடக்கத்துக்கு 1.8 மி.மீ. நுணுக்கத் தரவே போதும், 1 மி.மீ. தரவு கணினி வட்டையே விழுங்கிவிடும். பீட்டாக்களில் (ஒவ்வொரு படத்துக்கும் மூளை காட்டிய எதிர்வினையின் மதிப்பீடுகள்) மூன்றாம் பதிப்பை எடுங்கள், இரைச்சல் குறைவு. அவை 300ஆல் பெருக்கிச் சேமித்த முழு எண்கள், வகுத்துக்கொள்ளவும். பரிசோதனை வடிவமைப்புக் கோப்பில் பட எண் 1இல் தொடங்கும், பைத்தான் எண்ணிக்கை 0இல். இதைக் கோட்டைவிட்டால் எல்லாப் படமும் ஒன்று தள்ளிப்போகும். பிழைச்செய்தியே வராது, மாடல் மட்டும் எதையும் கற்காது. பயிற்சி, சோதனைப் பிரிவைப் படவாரியாகச் செய்யுங்கள். ட்ரயல்வாரியாக (படம் காட்டிய ஒவ்வொரு முறையையும் தனியாக எண்ணி) பிரித்தால் ஒரே படம் இருபுறமும் புகுந்து மதிப்பெண் பொய்யாக ஏறும்.

பெரிய குறை, படங்கள் எல்லாம் கோகோ என்ற அன்றாடப் புகைப்படத் தொகுப்பிலிருந்து வந்தவை. ஒட்டகச்சிவிங்கி, பீட்சா, அலைச்சறுக்கு திரும்பத் திரும்ப வரும். மூளைத் தரவிலிருந்து பார்த்த படத்தைக் கண்டுபிடிக்கும் டீகோடர், படத்தின் வகையை ஊகித்தே ஜெயித்துவிடலாம். நடுப்புள்ளியில் பார்வையை நிறுத்திப் பார்த்ததால், கண் காட்சியில் எப்படி அலைகிறது என்ற கேள்விக்கும் இது உதவாது.