கொலோஸ்டமியா, இலியோஸ்டமியா? ஒரே மாத்திரை, வேறு வேறு விளைவு

அறுவை மூலம் வயிற்றில் வைத்த திறப்பு வழியே வரும் கழிவைச் சேகரிக்கப் பை பொருத்தியிருப்பவர் மருந்துக்கடைக்கு வந்து மலமிளக்கி கேட்டால், மருந்தாளுநர் முதலில் கேட்க வேண்டியது, அந்தப் பைக்குள் திறப்பது எந்தக் குடல் என்பதைத்தான். கொலோஸ்டமியில் திறப்பது பெருங்குடல். இலியோஸ்டமியில் சிறுகுடலின் கடைசிப் பகுதி. சட்டைக்குள் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும் என்பதால்தான் இந்தக் குழப்பமே வருகிறது.

இடப்பக்கம் வைத்த கொலோஸ்டமியில், நீரையும் உப்பையும் உறிஞ்சும் பெருங்குடலின் பெரும்பகுதி வேலையில் இருப்பதால், மலம் ஏறக்குறைய பழையபடி கட்டியாகவே வரும். மாத்திரைகளும் வழக்கம்போல் உடலில் சேரும். இங்கே தொல்லை மலச்சிக்கல்தான். மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வகை வலிநிவாரணிகளும் அலுமினியம் கலந்த அமிலமுறிவு மருந்துகளும் அதை மேலும் இறுக்கிவிடும். நார்ச்சத்தும் தண்ணீரும் போதாதபோது, மருத்துவர் சொன்ன மலமிளக்கியைக் கொடுப்பதில் தவறில்லை.

அதே மலமிளக்கி இலியோஸ்டமிக்காரருக்கு ஆபத்து. அவருக்குக் கழிவு கஞ்சிபோல் வருவதே இயல்பு. அறுவைக்குப் பிறகு நிலைபெற்றவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 500 முதல் 800 மில்லி வரை வெளியேறும். அது 1.5 லிட்டரைத் தாண்டினால் நீரோடு சோடியமும் போய்விடும். அந்த நிலையில் வெறும் தண்ணீரை மேலும் மேலும் குடிப்பது சோடியம் இழப்பைக் கூட்டுமே தவிரக் குறைக்காது என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். உப்பும் குளுக்கோஸும் சரியான அளவில் கலந்த கரைசலே தேவை. சிறுநீர்ப்பெருக்கி மாத்திரை எடுப்பவரென்றால் நீரிழப்பு இன்னும் விரைவில் வரும். பையில் எதுவும் விழாமல் வயிறு முறுக்கி வலித்தால் அதை மலச்சிக்கல் என்று எண்ணக் கூடாது. குடலடைப்பாக இருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காளான், மக்காச்சோளம், கொட்டைகள் போன்றவற்றை நன்றாக மென்று, கொஞ்சமாகச் சாப்பிடச் சொல்வது இந்த அடைப்புக்கு அஞ்சித்தான்.

மருந்தின் வடிவத்திலும் இவ்விரண்டும் வேறுபடுகின்றன. குடலில் கரையும்படி பூச்சிட்ட மாத்திரைகளும் மெதுவாக மருந்தை விடும் மாத்திரைகளும் இலியோஸ்டமியில் கரைந்து முடிவதற்குள் வெளியேறிவிடலாம். பையைக் காலி செய்யும்போது மாத்திரை முழுசாகக் கிடந்தால் மருந்தாளுநரிடம் சொல்ல வேண்டும். ஆனால் சில மாத்திரைகள் மருந்தை விட்டுவிட்டு வெற்றுக்கூட்டை மட்டும் வெளியே தள்ளும் தன்மை கொண்டவை. எனவே பார்த்த மாத்திரத்தில் இன்னொன்றை விழுங்கிவிடக் கூடாது. மெதுவாக விடும் மாத்திரையைப் பொடித்துப் போடுவதும் கூடாது, முழு அளவும் ஒரே நேரத்தில் உடலில் இறங்கிவிடும். திரவ மருந்தோ எளிதில் கரையும் வடிவமோ உண்டா என்று கேட்பதே சரியான வழி. குடலின் ஓட்டத்தை மெதுவாக்கிக் கழிவைக் குறைக்கும் லோபராமைடை மருத்துவர் எழுதியிருந்தால், உணவுக்கு அரைமணி முதல் ஒருமணி நேரம் முன்பாக எடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும்.

யூரோஸ்டமியில் பைக்குள் வருவது சிறுநீர் என்பதால் இந்த மாத்திரைச் சிக்கல்கள் அங்கே இல்லை. சிறுநீர் வெளியேற வழித்தடமாக வைத்த குடல்துண்டு சுரக்கும் சளி சிறுநீரில் மிதப்பதைக் கண்டு தொற்று என்று பதறி, தானாகவே ஆன்டிபயாட்டிக் வாங்கிவிடாமல் இருந்தால் போதும்.