பேனா பிஎச் மீட்டர்: மலைமேல் இருக்கும் பள்ளிக்கு வாங்கலாமா?

ஒரு கரைசல் அமிலமா (7-க்குக் கீழே) காரமா (7-க்கு மேலே) என்று எண்ணில் காட்டும் பேனா வடிவ பிஎச் மீட்டரின் விலை இறங்கியிருக்கிறதாம். வகுப்புக்கு ஒன்று வாங்கலாமா என்று கோத்தகிரியில் வேதியியல் எடுக்கும் நண்பர் கேட்டிருக்கிறார். ஊட்டியில் சில வருடங்களாக அதோடு மல்லுக்கட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

திரை, பட்டன், பேட்டரி எதிலும் குறை இல்லை. என் எரிச்சல் எல்லாம் மீட்டரைச் சரிபார்க்கக் கூடவே வரும் தாங்கல் கரைசல் (பிஎச் முன்பே தெரிந்த கரைசல்) பொட்டலங்கள் மேல்தான். 6.86 என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அது 25 டிகிரிக்கான எண். ஜனவரிக் காலையில் எங்கள் ஆய்வகத்தில் 25 டிகிரிக்கு எங்கே போவது? 10 டிகிரியில் அதே கரைசல் 6.92 ஆகிவிடும், 9.18 என்று போட்டிருப்பது 9.33 ஆகும். 4.01 மட்டும் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். வெப்பநிலைக்கேற்பத் தானே சரிசெய்துகொள்ளும் என்று பெட்டியில் பெருமையடித்திருக்கிறதே என்பீர்கள். அது கரைசலில் முக்கும் மின்வாயின் மின்னழுத்தக் கணக்கைத்தான் சரிசெய்யும்; கரைசலின் பிஎச்சே மாறிப்போவது அதற்குத் தெரியாது. பொட்டலத்தின் பின்புறம் ஒரு சின்ன அட்டவணை அச்சிட என்ன செலவாகிவிடும்? போதாக்குறைக்குக் குளிரில் மின்வாயின் கண்ணாடிக் குமிழும் மந்தமாகிவிடுகிறது. எண் 5.0, 5.2, 5.1 என்று ஆடிக்கொண்டிருக்க, பிள்ளைகள் ஆளுக்கொரு விடையை நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். கரைசலையும் மாதிரியையும் வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து 25-க்குக் கொண்டுவந்த பிறகுதான் நான் மூடியையே திறக்கிறேன். பாதி பீரியட் அதிலேயே போய்விடும்.

ஆனால் மண் சோதனை என்று வந்துவிட்டால் இதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஒன்பதாம் வகுப்பு அமில, காரப் பாடத்தை எலுமிச்சைச் சாறு, சோப்புத் தண்ணீரோடு நான் முடிப்பதில்லை. வீட்டுப் பக்கத்து மண்ணில் ஒரு பிடி கொண்டுவரச் சொல்வேன். 10 கிராம் மண், 25 மில்லி காய்ச்சி வடித்த நீர். கலக்கி அரை மணி நேரம் வைத்தால் போதும். தேயிலைத் தோட்டத்து மண் 5-ஐ ஒட்டி நிற்கும். தேயிலைக்கு அந்த அமில மண்தான் பிடிக்கும். அடுப்புச் சாம்பல் கொட்டும் கொல்லை மண் 7-ஐத் தாண்டும். நிறம் மாறி அமிலமா காரமா என்று காட்டும் சிவப்பு முட்டைகோஸ் சாற்றை இந்தக் கலங்கலில் விட்டால் நிறமே தெரியாது. கொழுந்து பறிக்கப் போகும் அம்மாவின் மகள் ஒருத்தி, "கவாத்து வருடத்தில் டோலமைட் போடுவது இதற்குத்தானா சார்?" என்று கேட்டாள். இதற்கேதான்; செடியை வெட்டிவிடும் கவாத்து வருடத்தில் போடும் அந்தச் சுண்ணாம்புக் கல் தூள், மண்ணில் மிஞ்சிப்போன அமிலத்தைக் குறைக்கும். அந்தக் கேள்வியை எந்தப் பாடப்புத்தகமும் எனக்கு வாங்கித் தந்ததில்லை.

மூடிக்குள் இருக்கும் பஞ்சு பொட்டாசியம் குளோரைடு கரைசலில் எப்போதும் நனைந்திருக்க வேண்டும். கோடை விடுமுறையில் அதைக் கவனிக்க ஆள் வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கலாமா என்றால், வேண்டாம். அந்தப் பணத்துக்கு பிஎச் தாள் வாங்கினால் எல்லாக் குழுவின் கையிலும் ஒன்று இருக்கும். மண் பாடம் நடத்தும் வாரத்தில் மட்டும் என்னுடையதை இரவல் கேட்டு ஆளனுப்பாதீர்கள், தர மாட்டேன்.