லம்பத்துக் குட்டைக்கு மறுவாழ்வு: வீடா, காடா, வெள்ளத் தொட்டியா?

"லம்பத்துக் குட்டைப் பக்கம் போயிடாதே!" கோலாலம்பூர் வட்டாரத்தில் வளர்ந்த என் வயதுக்காரர்கள் இந்த அதட்டலைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. லம்பம் என்றால் ஈயச் சுரங்கம் (இங்கே ஈயம் என்பது வெள்ளீயம், அதாவது டின்). ஈயம் தோண்டி முடித்த குழியில் மழைநீர் நிறைந்து நிற்கும். கரையில் முழங்கால் ஆழம்தான். அடுத்த எட்டில் ஆள் காணாமல் போய்விடுவான்.

1857-இல் அம்பாங்கிற்கு ஈயம் தேடி வந்த 87 சீனத் தொழிலாளர்களிலிருந்து கோலாலம்பூரின் கதை தொடங்குகிறது. ஈயத்தை வாங்கி வைத்து விலையைத் தாங்கிப் பிடித்த அனைத்துலக ஈய மன்றம் 1985 அக்டோபரில் கடனில் மூழ்கியது. ஈய விலை சரிந்தது. லம்பங்கள் வரிசையாக மூடின. குழிகள் மட்டும் அப்படியே கிடந்தன. அவற்றை என்ன செய்யலாம் என்பதற்கு வெவ்வேறு பதில்கள் இங்கேயே கண்முன் இருக்கின்றன.

ஒப்பிடும் முன் மண்ணைப் பார்த்துவிடுவோம். பம்பு லம்பத்தில் தண்ணீரைப் பீய்ச்சிக் கரையை உடைத்து, அந்தக் குழம்பைப் பாலோங் என்ற நீளமான மரவாய்க்காலில் ஓடவிடுவார்கள். ஈயக்கல் மணலைவிட இரண்டரை மடங்கு கனம் என்பதால் குறுக்குக் கட்டைகளில் தங்கிவிடும். மிச்சமெல்லாம் வெளியே. மணல் பக்கத்திலேயே குவியும். மாவு போன்ற களி தள்ளிப்போய்த் தேங்கும். கடைசியில் ஒரே நிலத்தில் இரண்டு தொல்லை: மணலில் நீரும் உரமும் நிற்காது, களியில் கட்டடம் நிற்காது.

களியை வென்று கட்டடம் எழுப்பியவர்கள் சன்வே, மைன்ஸ் பகுதிகளின் மேம்பாட்டாளர்கள். சன்வேயில் சுமார் 800 ஏக்கர் லம்ப நிலம். நீர் விளையாட்டுப் பூங்கா 1993-இல் திறந்தது. பிறகு பல்கலைக்கழகம், மருத்துவமனை, பேரங்காடி என்று ஒரு நகரமே வந்துவிட்டது. மைன்ஸில் உலகின் மிகப் பெரிய திறந்தவெளி ஈய லம்பம் என்று பேர் வாங்கிய குழி, இன்று ஏரி. 1999-இல் டைகர் வூட்ஸ் உலகக் கோப்பை கோல்ஃப் ஆடியது அங்கேதான். இந்த வழியின் பலத்தை மறைக்க வேண்டாம்: செலவைத் திருப்பி எடுக்க முடிவதால் வேலை சீக்கிரம் நடக்கும், அரசாங்கப் பணத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் ஏரிக்கரை யாருக்கு? பல இடங்களில் கோல்ஃப் உறுப்பினருக்கும் காவலர் கதவு போட்ட வீட்டுக்காரருக்கும்தான். நமக்கு மைன்ஸ் பேரங்காடிக்குள் ஓடும் கால்வாய் உண்டு. வேடிக்கை பார்க்கலாம்.

காடு வேறு கணக்கு. கெப்போங்கில் உள்ள வன ஆய்வு நிலையத்துக்கு 1926-இல் இடம் தேர்ந்தபோது, அது ஈயம் தோண்டியும் காய்கறி பயிரிட்டும் மொட்டையாகிப்போன நிலம். இன்று அங்கே கப்பூர் மரங்களுக்குக் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். ஒரு மரத்தின் கிளை பக்கத்து மரத்தைத் தொடுவதில்லை. நடுவே வானம் வெட்டுக்கோடு போல ஓடும், வறண்ட சேற்று வெடிப்பை மேலே தூக்கி மாட்டியது மாதிரி. (நம் பூஜையறைப் பச்சைக் கற்பூரம் அந்தக் காலத்தில் இந்தக் கப்பூர் மரத்திலிருந்து வந்ததுதான்.) 2025-இல் யுனெஸ்கோ இந்த ஆய்வு நிலையக் காட்டை உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. நடப்பட்ட காட்டுக்கு இப்படி ஒரு மரியாதை! ஆனால் நட்டவர்கள் யாரும் அதைப் பார்க்க உயிரோடில்லை. எந்த மேம்பாட்டாளரும் 90 ஆண்டுக் கடன் கேட்டு வங்கிக்குப் போக மாட்டார்.

டெங்கிலில் பாயா இண்டா என்ற பழைய லம்ப நிலத்தைச் சதுப்பு நிலமாக்கியது இதற்குத் தம்பி முறை. 2001-இல் திறந்தார்கள், 2005-இல் மூடினார்கள், அப்புறம் வனவிலங்குத் துறை கையில் எடுத்தது. பறவைகள் வந்துவிடும், பராமரிப்புப் பணம் தானாக வராது.

மூன்றாவது, வெள்ளத் தொட்டி. கெப்போங் பெருநகரப் பூங்காவின் குட்டை, அடைமழையில் ஆற்றுக்குப் போகும் நீரைப் பிடித்து வைத்து மெதுவாக விடுகிறது. மழையில்லா மாலைகளில் அதே கரையில் பட்டம் விடுகிறார்கள். நுழைவுச் சீட்டு இல்லை, மரம் வளரக் காத்திருக்கவும் வேண்டாம். குழி ஏற்கெனவே இருக்கிறது. குறை என்னவென்றால் வண்டலும் குப்பையும் சேரும். தூர் வாராவிட்டால் கொள்ளளவு குறைந்துகொண்டே போகும். இன்னொன்று, குட்டையைப் பார்த்தாலே சிலருக்குக் காலி நிலமாகத் தெரியும்.

நகரத்துக்கு நடுவே என்றால் என் ஓட்டு வெள்ளத் தொட்டிக்கு. ஊர் ஓரத்தில், விலை ஏறாத மணல்மேட்டுக்குக் காடு. வீடமைப்பை நான் ஒதுக்கவில்லை. கரையைச் சுற்றி நடைபாதை பொதுவாக இருக்கும் என்று எழுதிக் கொடுத்தால் சரி.

பூச்சோங்கில் எங்கள் வீட்டுக்கு அருகே ஒரு குட்டை மிச்சமிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அங்கிள்கள் சிலர் திலாப்பியாவுக்குத் தூண்டில் போடுவார்கள். 2014 தண்ணீர்ப் பஞ்சத்தில் பெஸ்தாரி ஜெயா லம்பக் குட்டை நீரைச் சிலாங்கூர் ஆற்றில் சேர்த்தபோது, அதில் கன உலோகம் இருக்குமா என்று நாடே கேட்டது. இந்த அங்கிள்களிடம் கேட்டேன், "மீனைச் சாப்பிடுவீங்களா?" ஒருவர் வாளியைப் பார்த்துச் சிரித்தார். "பிடிக்கத்தான் வரேன் தம்பி. வீட்டுல ஆன்ட்டி உள்ளே விட மாட்டாங்க."